வாழைப்பட்டைக் கூடையில் கரும்புள்ளி ஏன்?

கேள்வி: வடிவமைப்புப் படித்துவிட்டுத் திருவையாற்றில் வாழைப்பட்டையால் கூடை, விளக்குக்கூடு செய்து விற்கிறேன். ஐப்பசி பிறந்ததும் கரும்புள்ளி விழுந்து பூசண வாடை வருகிறது. இரண்டு முறை வார்னிஷ் அடித்தும் பயனில்லை. வேறு நல்ல பூச்சு இருக்கிறதா?

பதில்: பூச்சைத் தேடாதீர்கள். ஈரம் போகாத பட்டைமேல் வார்னிஷ் அடித்தால் அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

பச்சைப் பட்டை ஒன்றைக் குறுக்கே அறுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே சின்னச் சின்ன அறைகள் வரிசையாகத் தெரியும். வாழைமரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். அதில் பெரும்பகுதி இங்கே தங்குகிறது. வெயிலில் போட்டதும் வெளித்தோல் பொன்னிறமாகிச் சுருள்வதைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்கிறோம். உள்ளறைகள் அப்போதும் ஈரமாகவே இருக்கும்.

ஆகவே, காயப்போடும் முன்பே தோல்களைப் பிரித்துவிடுங்கள். வழவழப்பான வெளித்தோல் கூடைக்கு உறுதி தரும். நடுவில் கிடைக்கும் வலை போன்ற பகுதியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விளக்குக்கூட்டுக்கு அதைவிட அழகான பொருள் இல்லை, வெளிச்சம் அதன் கண்ணிகள் வழியே சிதறி இறங்கும்.

தார் வெட்டிய அன்றே பட்டையை உரித்து, சாறு போகக் கழுவிவிட வேண்டும். சாறுதான் நாரைக் கறுக்க வைக்கிறது, பூசணத்துக்கும் தீனியாகிறது. அடிபட்ட மேல்பட்டைகளையும் தண்டை ஒட்டிய இளம்பட்டைகளையும் விட்டுவிட்டு நடுப்பட்டைகளை எடுங்கள்.

டெல்டாவில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும். பூசணம் பிடிக்க அது போதும். பங்குனியிலிருந்து ஆனிக்குள் ஆண்டுக்கான பட்டையைக் காயவைத்து இருப்பில் வைத்துவிடுங்கள். மழை மாதங்களில் பின்னுவது மட்டும் நடக்கட்டும். காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. பட்டைக் கட்டு ஒன்றைத் தினமும் மாலையில் எடை போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையாவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு தரையிலும் சுவரிலும் படாமல் பரண்மேல், துணி சுற்றி வைக்கலாம். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம்.

வெங்காரம் (போராக்ஸ்) கரைத்த நீரில் நனைத்துக் காயவைப்பதும் பூசணத்தைத் தடுக்கும். ஆனால் பழமோ தின்பண்டமோ வைக்கும் கூடைக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

நார் பிரிக்கும் இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகுங்கள். வாழை நார் குறித்தும் அங்கே பணி நடக்கிறது.

இப்போது புள்ளி விழுந்திருக்கும் கூடைகளை, முகக்கவசம் அணிந்து வெளியில் வைத்து உலர்ந்த தூரிகையால் தேய்த்து, நல்ல வெயிலில் காயவையுங்கள். பூசணம் போகும், கறை போகாது. பிளீச்சிங் பவுடர் போட்டால் நார் இற்றுவிடும். அடர்நிறச் சாயம் ஏற்றி, விவரம் சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுப்பதே முறை.