வகுப்பு முடிந்ததும் குறைந்த ஆர்வம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகம் ஒன்றில் இறுதியாண்டு மாணவர்களுக்குத் தொழில்முனைவுப் பாடம் எடுக்கிறேன். ஒரு செமஸ்டர், எல்லோருக்கும் கட்டாயம். தொடக்க நாளில் வெற்றிபெற்ற தொழிலதிபர் ஒருவர் வந்து பேசினார். பேச்சு முடிந்த கையோடு ஒரு தாளைக் கொடுத்து, பெயரை எழுதி, ‘சொந்தத் தொழில் தொடங்க எவ்வளவு விருப்பம்?’ என்ற கேள்விக்கு ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போடச் சொன்னோம். செமஸ்டர் கடைசியில், வேலை நேர்காணல்கள் நடந்துகொண்டிருந்த வாரத்தில், அதே கேள்வியைத் திரும்பக் கேட்டோம். சராசரி நன்றாகவே இறங்கிவிட்டது. பாடத்தால் பயனில்லை, நிறுத்திவிடலாம் என்று துறையில் பேசுகிறார்கள். மாணவர்களுக்கு இந்த ஆர்வம் எதனால்தான் வருகிறது? தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? வகுப்பறையால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

பாடத்தை நிறுத்த விடாதீர்கள். இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு அப்படி ஒரு முடிவை எடுக்கவே முடியாது. முதல் தாள் கைதட்டல் ஓய்வதற்குள் கொடுக்கப்பட்டது. அதில் பெயரும் எழுத வேண்டும், அதைப் படிப்பவரோ மதிப்பெண் போடப்போகிற ஆசிரியர். அந்த நேரத்தில் யார் இரண்டு போடுவார்கள்? இரண்டாவது தாள் வந்தபோது பாதிப் பேரின் மனம் நேர்காணலில் இருந்திருக்கும். ஏறிக்கிடந்த ஓர் எண்ணையும் தாழ்ந்துகிடந்த ஓர் எண்ணையும் ஒப்பிட்டு, நடுவில் நடந்த பாடத்தின் மேல் பழி போடுகிறார்கள்.

சரியாக அளந்தாலும் சராசரி குறையக்கூடும். நெதர்லாந்தில் மாணவர்கள் சிறு நிறுவனம் ஒன்றை நடத்திப் பழகும் திட்டத்தை ஆராய்ந்து ஆஸ்டர்பேக், வான் ப்ராக், ஐசல்ஸ்டைன் மூவரும் 2010-இல் வெளியிட்ட முடிவு இதுதான்: தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்தது. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு ஜெர்மானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் கட்டாயப் பாடத்தைப் பற்றியது. அங்கே மாணவர்கள் தங்கள் திறன் கூடியதாகச் சொன்னார்கள். எண்ணமோ சற்றுக் குறைந்திருந்தது. பாடம் அவர்களுக்குத் தங்களைப் பற்றிய தகவலைக் கொடுத்திருக்கிறது, சிலர் இது நமக்கு ஒத்துவராது என்று தெரிந்து விலகியிருக்கிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். கடன் வாங்கிக் கடை போட்ட பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட வகுப்பிலேயே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

சராசரியை விட்டுவிட்டுப் பரவலைப் பாருங்கள். பத்து மாணவர்கள் தொடக்கத்தில் ஐந்து போட்டார்கள் என்று வையுங்கள். முடிவில் ஐந்து பேர் இரண்டும் ஐந்து பேர் ஏழும் போட்டால் சராசரி 5-இலிருந்து 4.5-க்கு இறங்கும். துறைக்கூட்டத்தில் அது சரிவாகத் தெரியும். தெளிவில்லாமல் வந்த பத்துப் பேரும் தெளிவோடு போயிருக்கிறார்கள் என்பது அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

ஆர்வம் எதனால் வருகிறது என்ற கேள்விக்கு இன்றும் அதிகம் பயன்படுவது ஐசக் அய்சன் 1991-இல் விரித்தெழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு. ஒருவரின் எண்ணத்தை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: அந்தச் செயல் தனக்கு நல்லது என்று நினைக்கிறாரா, தனக்கு முக்கியமானவர்கள் அதை ஏற்பார்கள் என்று நினைக்கிறாரா, தன்னால் முடியும் என்று நம்புகிறாரா. ஸ்பெயினிலும் தைவானிலும் லின்யானும் சென்னும் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சுற்றத்தாரின் கருத்து எண்ணத்தை நேரடியாக அசைக்கவில்லை. மற்ற இரண்டின் வழியாகத்தான் அது வேலை செய்தது. ‘வீட்டில் விடமாட்டார்கள்’ என்று சொல்லும் மாணவரிடம் வீட்டாரைப் பற்றி வாதாடிப் பெரிய பயன் இல்லை. வீட்டாரின் பேச்சு அவருடைய தன்னம்பிக்கையை எந்த இடத்தில் தொட்டது என்று கேட்டால் வழி கிடைக்கும்.

குடும்பப் பின்னணிக்கு எடை உண்டு. ஸ்வீடனில் தத்துப் பிள்ளைகளின் தரவை வைத்து 2015-இல் வெளிவந்த ஆய்வின்படி, பெற்றோர் தொழில்முனைவோராக இருந்தால் பிள்ளையும் அப்படி ஆகும் வாய்ப்பு சுமார் 60% கூடுகிறது. பெற்றவர்களின் தாக்கமும் வளர்த்தவர்களின் தாக்கமும் இருக்கின்றன. வளர்த்தவர்களுடையது ஏறக்குறைய இரு மடங்கு. ரத்தத்தில் வருவதைவிட அருகிலிருந்து பார்த்து வருவது அதிகம் என்றால், வகுப்பறைக்கும் அதில் ஒரு பங்கு இருக்க முடியும்.

அந்தப் பங்கு பெரும்பாலும் அய்சன் சொன்னவற்றில் மூன்றாவதான ‘என்னால் முடியும்’ என்பதில்தான் இருக்கிறது. இந்த நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார்: தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கிச் சொல்வது, உடலும் மனமும் அப்போது இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. நம் பாடத்திட்டங்கள் நேரத்தைக் கொட்டுவதோ ஊக்கிச் சொல்வதில். அழைத்துவரும் விருந்தினரும் மாணவருக்கு எட்டாத உயரத்தில் இருப்பவராகப் பார்த்து அழைக்கிறோம். ‘தன்னைப் போன்றவர்’ என்ற நிபந்தனை அங்கேயே போய்விடுகிறது. படிப்பு முடித்து இரண்டு மூன்று வருடமாகத் தொழில் நடத்துகிறவரை அழையுங்கள். வரவு செலவுக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பணம் வர வேண்டிய நாளில் வராதபோது சம்பளத்தை எப்படிச் சமாளித்தார் என்று மாணவர்களைக் கேட்கவிடுங்கள்.

செய்து பார்க்கும் பயிற்சிகள் பெரும்பாலும் அளவில்தான் கெடுகின்றன. தொழில் திட்ட அறிக்கையைக் கடைசி வேலையாகக் கொடுத்தால் மாணவர் அறிக்கை எழுதத்தான் பழகுவார். ஆறு பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் விற்பார்கள், மற்றவர்கள் ஸ்லைடு செய்வார்கள். குழுவுக்கு மூன்று பேர் போதும். இரண்டாம் வாரமே, எதையும் தயாரிப்பதற்கு முன், ஒவ்வொருவரும் வாங்கக்கூடிய பத்துப் பேரிடம் பேசிவிட்டு வரட்டும். ‘இது வந்தால் வாங்குவீர்களா?’ என்ற கேள்வி கூடவே கூடாது. மரியாதைக்காக எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘இந்தத் தொல்லை கடைசியாக எப்போது வந்தது? அப்போது என்ன செய்தீர்கள்? அதற்கு எவ்வளவு செலவானது?’ என்று கேட்க வேண்டும். ஐந்தாம் வாரத்துக்குள் சிறு முன்பணமாவது யாராவது கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் எந்த ஊகம் தவறியது என்று எழுதித்தரட்டும், அந்தத் தாளுக்கும் முழு மதிப்பெண் உண்டு. 116 இத்தாலியப் புதுநிறுவனங்களை வைத்து கமுஃபோவும் உடனாய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஊகத்தை முன்கூட்டி எழுதிச் சோதிக்கப் பழகியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். முதல் வேலையைப் பெரிதாகக் கொடுத்து அதில் தோற்கவைத்தால், வரும்போது இருந்த நம்பிக்கையையும் நாமே பறித்தவர்களாவோம்.

அளக்கும் முறைக்கு வருகிறேன். ஒரே கேள்வி போதாது, நான்கைந்து வாக்கியங்களாகப் பிரியுங்கள். ‘படிப்பு முடிந்தவுடன்’, ‘ஐந்து வருடத்தில்’ என்று காலத்தைக் குறிப்பிட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள். 54 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் எடுத்த 2018-ஆம் ஆண்டின் ‘கெஸ்’ (GUESSS) என்ற பன்னாட்டு மாணவர் தொழில்முனைவுக் கணக்கெடுப்பில், படிப்பு முடிந்தவுடனே தொழில் என்றவர்கள் 9%, ஐந்து வருடம் கழித்து என்றவர்கள் 34.7%. உங்கள் கேள்வியில் காலமே இல்லை. முதல் தாளில் ஐந்து வருடத்தை நினைத்தவர் கடைசித் தாளில் அடுத்த மாதத்தை நினைத்திருப்பார்.

பெயர் கேட்காதீர்கள். அம்மா பெயரின் முதல் எழுத்து, தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம், பிறந்த தேதி, இவற்றைச் சேர்த்து ஒரு குறியீடு எழுதச் சொன்னால் போதும். முதல் தாளையும் கடைசித் தாளையும் ஆள்வாரியாகப் பொருத்திவிடலாம். பொருந்தாதவற்றைச் சராசரியில் சேர்க்க வேண்டாம். பாடம் எடுக்காத இணையான வகுப்பு ஒன்றிலும் அதே வாரங்களில் அதே தாளைக் கொடுங்கள். நேர்காணல் காலத்தில் அவர்களுக்கும் குறைந்திருந்தால் காரணம் உங்கள் பாடம் இல்லை. 73 ஆய்வுகளைத் தொகுத்து, பே (Bae) என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 2014-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், கல்விக்கும் எண்ணத்துக்கும் இருந்த சிறு தொடர்பு, மாணவர்கள் கொண்டுவந்த தொடக்க எண்ணத்தைக் கணக்கில் எடுத்ததும் குறிப்பிடத்தக்கதாக இல்லை. முதல் அளவு கெட்டால் மொத்தமும் கெட்டது.

எண்ணம் செயலாவது வேறு கணக்கு. ஆஸ்திரியாவிலும் பின்லாந்திலும் பெரியவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015-இல் வந்தது. ஆளுக்கு ஆள் எண்ணத்தில் இருந்த வேறுபாட்டில் 59% அய்சனின் மூன்று காரணிகளால் விளங்கியது. பின்னால் நடந்த செயலில் இருந்த வேறுபாட்டிலோ, எண்ணமும் ‘முடியும்’ என்ற நம்பிக்கையும் சேர்ந்து 31% மட்டுமே விளக்கின. அதனால் பாடம் முடிந்து ஆறு மாதம் கழித்து, விருப்பத்தைக் கேட்காமல், செய்ததைக் கேளுங்கள்: வாடிக்கையாளர் யாரிடமாவது பேசினீர்களா, பணம் ஒதுக்கினீர்களா, கூட்டாளியோடு எதையாவது எழுதிவைத்தீர்களா, எதையாவது விற்றீர்களா. ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி நான்கு கேள்விகள். அந்தப் பதில்கள் கைக்கு வரும்வரை பாடத்தை நிறுத்துவது பற்றிய விவாதத்தைத் தள்ளிவைக்கச் சொல்லித் துறையிடம் கேளுங்கள்.