கார் ஷெட் சுவரில் புதிதாகப் பிளக் பாயிண்ட் போட, அங்கே இருக்கும் லைட் போர்டிலிருந்தே லைன் எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்காதீர்கள். டிபி பாக்ஸிலிருந்து, அதாவது வீட்டின் எல்லா லைன்களும் பிரிந்து போகும் மெயின் பெட்டியிலிருந்து, தனியாக ஒரு லைன் இழுத்துக்கொள்ளுங்கள். செலவும் ஒரு நாள் வேலையும் கூடும், ஆனாலும் அதுதான் சரி.

ஷெட்டில் டியூப் லைட் போர்டு இருக்கிறது, அதிலிருந்தே வயரை நீட்டி (லூப் அடித்து) மூன்று பிளக் போட்டுத் தருவதாக எலக்ட்ரீஷியன் சொல்கிறார், அரை நாள் வேலை என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கார் கழுவும் பிரஷர் வாஷர், டிரில், பிறகு ஒரு எலக்ட்ரிக் வண்டி என்று உங்கள் பட்டியலையும் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் அதே மாதிரி லூப் அடித்த பிளக் ஒன்று இருந்தது. அதனால் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில். சமையலறையில் இடம் போதாது என்று பெரிய வெட் கிரைண்டரைக் கார் ஷெட்டில் வைத்திருந்தோம். கேட் விளக்குப் போர்டிலிருந்து யாரோ, எப்போதோ எடுத்துவிட்ட பிளக்கில்தான் அது ஓடும். 2014இல் ஒரு நாள் சாயங்காலம் கேட் விளக்கு எரியவில்லை. பல்ப் போய்விட்டது, காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அம்மா உளுந்தைப் போட்டுக் கிரைண்டர் சுவிட்சைத் தட்டியிருக்கிறார். ஓடவில்லை. பெல்ட் சிக்கிக்கொண்டதோ என்று ஈரக் கையோடு டிரம்மைப் பிடித்துத் திருப்பப் போயிருக்கிறார். காலில் செருப்பு இல்லை, தரையெல்லாம் உளுந்து கழுவிய தண்ணீர். சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அம்மா இரண்டடி தள்ளிக் கீழே கிடந்தார். நல்லவேளையாகக் கரண்ட் பிடித்துக்கொள்ளாமல் தூக்கி எறிந்துவிட்டது. இரண்டு நாள் வலது கை மரத்துப்போயிருந்தது. அன்றைக்கு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கை நடுங்கும்.

மறுநாள் வந்த வயர்மேன் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேட் விளக்கு சுவிட்சைப் போட்டு, காலி சாக்கெட்டில் டெஸ்டரை வைத்தார். வலப்பக்கத் துளையில் எரிந்தது. அது கரண்ட் வரும் ஃபேஸ், எரியத்தான் வேண்டும். இடப்பக்கம், கரண்ட் திரும்பிப்போகும் நியூட்ரலிலும் எரிந்தது. மேலே இருக்கும் பெரிய எர்த் துளையிலும் எரிந்தது. கசியும் கரண்டைத் தரைக்கு இறக்க வேண்டிய துளை அது, எரியவே கூடாது. சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். நியூட்ரல் டெர்மினலிலிருந்து எர்த் டெர்மினலுக்கு இரண்டு அங்குலத்தில் ஒரு பச்சை வயர் துண்டு. அவ்வளவுதான் எங்கள் 'எர்த்'. டிபியிலிருந்து அந்தப் பெட்டிக்கு எர்த் வயரே வரவில்லை. வெளியே லைட் போர்டில் வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்த நியூட்ரல் இணைப்பு பச்சை பூத்து விட்டுப்போயிருந்தது. விளக்கு எரியாததற்கும் அதுதான் காரணம். கிரைண்டர் சுவிட்சைப் போட்டதும் ஃபேஸ் மோட்டார் காயில் வழியாக நியூட்ரலுக்கு வந்து, திரும்பிப்போக வழியில்லாமல், அந்தப் பச்சைத் துண்டு வழியாக டிரம்முக்கு ஏறி நின்றிருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான். ஷெட்டில் பிளக் போடுவது என்றால் எல்லாரும் எத்தனை பிளக், எந்த பிராண்ட் சுவிட்ச் என்றுதான் யோசிக்கிறோம். ஆனால் வீட்டிலேயே வெறுங்காலோடு, ஈரத் தரையில், இரும்புச் சாமானைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் அது. அங்கே அந்த மேல் துளைக்குப் பின்னால் உண்மையான எர்த் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டில் இணைத்துவிடும் இந்தப் பழக்கம் பழைய வீடுகளில் நிறையவே இருக்கிறது. 'எர்த் இல்லாம வேலை செய்யல சார், சரி பண்ணிட்டேன்' என்று யாராவது சொன்னால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்றுதான் அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்ப்ஸ் வித்தியாசம் வந்தால் அணைத்துவிடும். பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் கோர்த்திருந்தால், மெஷினில் கசியும் கரண்ட் அதே நியூட்ரலில் திரும்பிவிடும், கணக்கு சமமாகவே இருக்கும், ஆர்சிசிபிக்கு ஒன்றும் தெரியாது. எர்த்தே இல்லாமல் இருந்தால், நீங்கள் தொட்டு, கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கும்போதுதான் அதற்குத் தெரியும். எர்த் ஒழுங்காக இருந்தால் மட்டுமே, யாரும் தொடுவதற்கு முன்பே, கசிந்த கணத்தில் டிரிப் ஆகும். அதனால் இரண்டும் வேண்டும்.

இனி லைன். லைட் லைன் பெரும்பாலும் 1 அல்லது 1.5 சதுர மி.மீ. வயரில் இழுத்து, டிபியில் 6 ஆம்ப்ஸ் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள். பிரஷர் வாஷர் போட்டதும் அது விழும். அடுத்து என்ன செய்வார்கள் தெரியுமா? எம்சிபியைக் கழற்றி 16 போட்டுவிடுவார்கள். அதன்பிறகு விழாது, சுவருக்குள் வயர் சூடாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டிபியிலிருந்து ஷெட் 20 மீட்டர், போகவர 40 மீட்டர் வயர். 3.3 கிலோவாட் எடுக்கும் கார் சார்ஜர் 230 வோல்ட்டில் 14 ஆம்ப்ஸுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். 1 சதுர மி.மீ. செம்பு வயரில் அந்தக் கரண்ட் ஓடினால் கிட்டத்தட்ட 150 வாட் வயரிலேயே வெப்பமாகப் போகும். 2.5 வயரில் 60 வாட். 4 வயரில் 40க்கும் கீழே. நான் கடைசியில் 4 சதுர மி.மீ. தான் இழுத்தேன். வாஷர், டிரில் மட்டும் போதும் என்றால் 2.5 தாராளம். வண்டி வரப்போகிறது என்று நீங்களே சொல்வதால் பைப்பை இப்போதே 25 மி.மீ. போட்டுவிடுங்கள், பிறகு இன்னொரு லைன் உள்ளே விட இடம் இருக்கும். எர்த் வயரையும் பைப்புக்குள் கூடவே விட்டு, டிபியின் எர்த் பாரில் நேராக முடுக்கச் சொல்லுங்கள்.

எம்சிபி 16 ஆம்ப்ஸ் போதும். சாக்கெட்டே 16 ஆம்ப்ஸ்தான், அதைவிடப் பெரியதைப் போட்டு என்ன பயன்? மோட்டார் தொடங்கும்போது ஒரு கணம் அதிகமாக இழுக்கும் என்பதால் 'சி' வகையாக வாங்குங்கள். ஷெட்டுக்கென்று தனி 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, முடிந்தால் 'ஏ' டைப். கடையில் சாதாரணமாகத் தருவது 'ஏசி' டைப். வண்டி சார்ஜருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் அங்கே வரும் சில வகைக் கசிவை அது சரியாகப் பிடிக்காது.

தனி ஆர்சிசிபி போட்ட அன்றைக்கே எங்களுக்கு ஒரு தொல்லை. எதைச் சொருகிப் போட்டாலும் டப் டப் என்று விழுந்தது. சாமான் கெட்டுவிட்டது, ஆர்சிசிபியே பழுது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் பார்த்தால் ஃபேஸ் மட்டும் புது ஆர்சிசிபி வழியாக வந்திருக்கிறது. நியூட்ரலைப் பழக்கதோஷத்தில் பழைய நியூட்ரல் பாரிலேயே முடுக்கியிருந்தார்கள். போன கரண்ட் இந்த வழியாகத் திரும்பவே இல்லை, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி விழுந்தால் 'அதை பைபாஸ் பண்ணிடலாம்' என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். நியூட்ரல் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உயரம். முதலில் தரையிலிருந்து ஒன்றரை அடியில்தான் வைத்தோம், பார்க்க நன்றாக இருக்கும் என்று. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது ஷெட்டில் இடுப்பளவு தண்ணீர். சாக்கெட்டுகளைக் கழற்றினால் உள்ளே களிமண் கட்டியாக இருந்தது. எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு நாலரை அடிக்கு ஏற்றினோம். வெள்ளம் வராத ஊராக இருந்தாலும் நாலடிக்குக் கீழே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வண்டி நிற்கிற இடத்தில் பொறி பறக்கக்கூடிய சுவிட்ச் கீழே இருப்பது நல்லதில்லை. அந்த உயரம் சின்னக் குழந்தைகள் கைக்கும் எட்டாது.

நம் ஊர் ஷெட் பாதி திறந்தவெளிதான், ஐப்பசி மழை சாய்ந்து அடித்தால் சுவர் முழுக்க நனையும். சாதாரண மாடுலர் பிளேட் தாங்காது. தூசியும் மழையும் புகாத 'ஐபி 55' தரத்தில் மூடி போட்ட பெட்டி வாங்குங்கள். பைப்பைப் பெட்டியின் கீழ்ப்பக்கமாக ஏற்றச் சொல்லுங்கள். மேலிருந்து இறக்கினால் பைப்பில் வழியும் தண்ணீர் நேராக உள்ளே போகும். ஐபி 55 என்றாலும் பிரஷர் வாஷரை அதன்மேல் பீய்ச்சக் கூடாது, அதனால் கார் கழுவும் பக்கத்துச் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். காடி வெட்டிக் கன்சீல் செய்வதா, ஓப்பன் பைப்பா என்றால் ஷெட்டுக்கு ஓப்பன் பைப்பே போதும். பிறகு மாற்றுவதும் சுலபம்.

வண்டி சார்ஜ் பற்றி ஒன்று. எங்களிடம் இருப்பது பழைய நெக்ஸான் ஈவி, 30.2 கிலோவாட் மணி பேட்டரி. வீட்டு 16 ஆம்ப்ஸ் பிளக்கில் முழுதாக ஏற ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. கிரைண்டர், அயர்ன்பாக்ஸ் எல்லாம் இப்படி ராத்திரி முழுக்க 14 ஆம்ப்ஸ் இழுப்பதில்லை. மூன்றாவது மாதம் ஒருநாள் காலையில் பிளக்கைப் பிடுங்கியபோது விரல் பொறுக்காத சூடு, பின்னின் அடிப்பக்கம் பழுப்பேறியிருந்தது. சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்குரூ சரியாக முடுக்கப்படாமல் இருந்திருக்கிறது. இந்தச் சூட்டுக்கு எம்சிபியும் விழாது, ஆர்சிசிபியும் விழாது. கரண்ட் கூடவும் இல்லை, கசியவும் இல்லையே. முதல் வாரம் ஒவ்வொரு காலையும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. சுட்டால் நிறுத்திவிட்டு, ஆளைக் கூப்பிட்டு டெர்மினலைப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக வண்டிக்குச் சார்ஜ் போடவே போடாதீர்கள்.

வீட்டு இணைப்பிலேயே வண்டி சார்ஜ் செய்ய அனுமதி உண்டு. ஆனால் மின்வாரியத்தில் நீங்கள் வாங்கியிருக்கும் லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். ஏசி, கீசரோடு இதுவும் சேர்ந்தால் கூட்டி வாங்க வேண்டியிருக்கும். மூன்று ஃபேஸ் வீடு என்றால் ஏசி ஓடாத ஃபேஸில் ஷெட்டை வைக்கச் சொல்லுங்கள்.

இதை நீங்களே செய்ய வேண்டாம், லைசென்ஸ் உள்ள வயர்மேன் செய்யட்டும். அவர் பெட்டியைத் திறக்கும்போது நீங்கள் ஒன்றை மட்டும் நினைவுபடுத்துங்கள்: மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடுதான் இருக்கும். ஷெட் விளக்கை நிறைய வீடுகளில் இன்வெர்ட்டரில்தான் கொடுத்திருப்பார்கள். அதையும் அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வேலை முடிந்து அவர் கிளம்புவதற்குள் மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் சுமார், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். கடைசி அளவு அச்சாகப் பூஜ்யம் என்று வந்தால் சாக்கெட்டை இன்னொரு முறை கழற்றி, உள்ளே அந்தப் பச்சைத் துண்டு இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை நீங்களே அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை அம்மாதான் அதை அழுத்திப் பார்க்கிறார், கிரைண்டரில் மாவு போடுவதற்கு முன்னால்.