குவால்காமா நோக்கியாவா: டார்கெட் விலையும் தலைப்புச் செய்தியும் – கேள்வி பதில்

கே: 1999-ல் கைபேசி சிப் நிறுவனமான குவால்காமின் பங்குக்கு 1,000 டாலர் டார்கெட் (எட்டும் என்று கணிக்கும் விலை) சொன்னது நிஜமா சார்?

ப: நிஜம். டிசம்பர் 29 அன்று பெயின்வெபர் என்ற பங்குத் தரகு நிறுவனத்தின் அனலிஸ்ட் வால்டர் பைசிக் சொன்னார். பங்கு அன்றைக்கே 156 டாலர் ஏறி 659-ல் முடிந்தது. உடனே ஒரு பங்கு நான்காகப் பிரிந்ததால் 1,000 என்பது 250 ஆயிற்று. ஜனவரி தொடக்கத்தில் 200 வரை போய்ச் சரிந்தது. 2004-ல் மறுபடி இரண்டாகப் பிரிந்தது; கணக்குப்படி டார்கெட் 125. பங்கு அந்த விலையைப் பார்க்க 2020 ஆகிவிட்டது.

டார்கெட் என்பது பெரும்பாலும் ஒரு பங்குக்கான லாபக் கணிப்பு பெருக்கல் பி.இ. (லாபத்தைப் போல் எத்தனை மடங்கு விலை என்ற எண்). லாபம் 10, பி.இ. 15 என்றால் 150. லாபத்தைத் தொடாமல் பி.இ.-யை 25 ஆக்கினால் 250. எதை ஏற்றினார்கள் என்று பாருங்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள்.

கே: எந்தப் பங்கை வாங்கலாம்?

ப: சொல்வதாக இல்லை.

கே: கைபேசித் தொழில்நுட்பப் போட்டியில் ஜிஎஸ்எம் ஜெயித்தது, குவால்காமின் சிடிஎம்ஏ தோற்றது என்றுதானே எழுதினார்கள்? குவால்காம் எப்படிப் பிழைத்தது?

ப: செய்தி எண்ணியது சந்தாதாரர்களை, குவால்காம் எண்ணியது ராயல்டியை (காப்புரிமைக் கட்டணத்தை). ஜிஎஸ்எம் அணியே 3ஜி-க்கு எடுத்துக்கொண்ட டபிள்யூசிடிஎம்ஏ-வும் சிடிஎம்ஏ வகைதான். 1999 மார்ச்சில் ஜிஎஸ்எம் அணியின் எரிக்சன் காப்புரிமை வழக்கை முடித்துக்கொண்டு குவால்காமின் நெட்வொர்க் கருவிப் பிரிவையே வாங்கியது. கைபேசிப் பிரிவு 2000-ல் கியோசெராவுக்குப் போனது. மிஞ்சியவை சிப்பும் காப்புரிமையும். லாபம் அங்கேதான் இருந்தது.

கே: மன்னிக்கணும், டபிள்யூசிடிஎம்ஏ எரிக்சன், நோக்கியா, ஜப்பானின் டோகோமோ செய்தது. குவால்காம் உரிமை கொண்டாடுவது பங்குதாரர் பிரசாரம்.

ப: பாதி சரி. ஜிபிஎஸ் நேரம் தேவைப்படாத டவர்கள் அவர்கள் வடிவமைப்பு. ஆனால் பவர் கன்ட்ரோல் (சிக்னல் வலுவைச் சீராக்குவது), சாஃப்ட் ஹேண்டாஃப் (பழைய டவரை விடுமுன் புதியதைப் பிடிப்பது) இல்லாமல் அது ஓடாது. அங்கே குவால்காம் காப்புரிமைகள் நிற்கின்றன. பிரசாரம் மட்டும்தான் என்றால், 2008 ஜூலையில் நோக்கியா முன்பணமும் தொடர் ராயல்டியும் தர ஏன் ஒப்புக்கொண்டது?

கே: ராயல்டி கட்டினால் கண்டுபிடிப்பு அவர்களுடையதாகிவிடுமா?

ப: ஆகாது. வழக்குச் செலவுக்குப் பயந்தும் கட்டுவார்கள். ஆனால் பங்கு விலை பார்ப்பது வரும் பணத்தை, புகழை அல்ல.

கே: 5ஜி காப்புரிமையில் யார் முதலிடம்?

ப: எட்ஸி (ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பு) பட்டியலை வைத்து எழுதும் தலைப்புகளை நம்பாதீர்கள். அதில் நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகள் 5ஜி-க்கு அத்தியாவசியம் என்று தாங்களே அறிவித்துக்கொள்கின்றன. அவை உண்மையிலேயே அத்தியாவசியமா என்று எட்ஸி சோதிப்பதில்லை. ஒரே கண்டுபிடிப்பு பத்து நாடுகளில் பதிவானால் பத்தாக எண்ணுபவர்களும் உண்டு. குடும்பக் கணக்கா (ஒரே கண்டுபிடிப்பின் பதிவுகளை ஒன்றாக எண்ணுவது), கிராண்ட் ஆனவையா (காப்புரிமை வழங்கப்பட்டவையா), வெளியார் சோதித்தார்களா? இந்த மூன்றும் இல்லாத பட்டியல் விளம்பரம்.

கே: அனலிஸ்ட் டார்கெட்டை நம்பலாமா?

ப: மறுபடி சொல்கிறேன், அறிக்கையின் கடைசிப் பக்கம்! அந்த நிறுவனத்திடம் வங்கிச் சேவைக் கட்டணம் வாங்கினார்களா என்பது அங்கே இருக்கும். 2003 ஏப்ரலில் 10 முதலீட்டு வங்கி நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலர் கட்டியது இந்த விவகாரத்தில்தான். டெலிகாம் அனலிஸ்ட் ஜாக் கிரப்மனுக்கு 1.5 கோடி டாலர் அபராதம், ஆயுள் தடை.

கே: அமெரிக்கப் பங்குக்கு இங்கே வரி எப்படி?

ப: ஆடிட்டரைக் கேளுங்கள்.