பஸ்ஸில் போகும் மருமகள்

கேள்வி: என் மகனுக்கு வயது 34. போன வாரம் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும்போது, கார் கோடு தாண்டி அலைவதாகச் சொல்லிப் போலீசார் நிறுத்தியிருக்கிறார்கள். ஊதியதில் பூஜ்யம்தான் வந்தது. அப்படியும் விடாமல், சாலையோரம் நடக்கவைத்து, ரத்தம் எடுத்து, போதையில் ஓட்டியதாகக் கைது செய்துவிட்டார்கள். அவன் குடிப்பவனே அல்ல. மருத்துவர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை மட்டும்தான் சாப்பிடுகிறான். இப்போது ஜாமீனில் இருக்கிறான். ‘அவர் எப்போதும் நிதானமாகத்தான் ஓட்டுவார்’ என்று எழுதிக்கொடுக்க மருமகள் மறுக்கிறாள். அவள் பிடிவாதக்காரி; வீட்டில் கார் இருக்க, இரண்டு மாதமாகக் குழந்தையைப் பஸ்ஸில்தான் பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். அவளுக்கு எப்படிப் புத்தி சொல்வது?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: அம்மா, நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் போலீசைத் திட்டியே இரண்டு பக்கம் போய்விட்டது. பஸ்ஸுக்கு ஒரே வரி. நான் அந்த வரிக்குத்தான் பதில் எழுதப்போகிறேன்.

வாசலில் கார் நிற்க, ஒரு தோளில் தன் பை, மறு தோளில் குழந்தையின் புத்தகப் பை என்று காலை நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க யாருக்கு ஆசை? பிடிவாதத்துக்காக இரண்டு நாள் போகலாம், இரண்டு மாதம் போக மாட்டார்கள். அந்தக் காரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எதையோ பார்த்திருக்கிறாள். பச்சை விளக்கு விழுந்தும் வண்டி நகராமல் நின்றிருக்கலாம், அவன் தலை ஒரு நொடி சரிந்திருக்கலாம். என்னவென்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கும் உங்களுக்கும் தெரியவில்லை. ஒரு நாளாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவள் சொன்ன பதிலும் கடிதத்தில் இருந்திருக்கும்.

அந்தப் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஊதும் கருவிக்குச் சாராயம் ஒன்றுதான் தெரியும், மாத்திரை தெரியாது. அதனால்தான் ரத்தம் எடுத்தார்கள். நடக்கவைத்ததும் உங்களை அவமானப்படுத்த அல்ல. குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டவைத்து ஒன்பது அடி போய், திரும்பி, ஒன்பது அடி வரவேண்டும். சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டே உடம்பையும் நிதானமாக வைத்திருக்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். பதற்றத்திலும் மூட்டு வலியிலும் தடுமாறுகிறவர்கள் உண்டு என்பது உண்மை. அதை வக்கீல் வாதாடட்டும்.

மருத்துவர் சீட்டு இருக்கிறதே என்கிறீர்கள். சீட்டு மாத்திரை வாங்க உதவும். பல நாடுகளின் சட்டம் கேட்பது, ஓட்டும்போது வண்டி அவன் கட்டுப்பாட்டில் இருந்ததா என்பதைத்தான். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைப் பெண்களுக்குப் பாதி அளவாகக் குறைக்கும்படி 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. இரவு சாப்பிட்டது மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சமிருந்தது என்பதே காரணம். டயசிபாம் போன்றவை நாள்கணக்கில் உடம்பில் தங்கும். தினமும் சாப்பிட்டால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். உங்கள் மகன் எதைச் சாப்பிடுகிறான், ஓர் இரவுக்கு எத்தனை என்று அட்டையைக் கையில் எடுத்து எண்ணிப் பார்த்ததுண்டா? பயந்துபோய் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிடவும் வேண்டாம். சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரும். அட்டையோடு அவனை அதே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். வக்கீலிடம் ஒன்று விடாமல் சொல்லச் சொல்லுங்கள்.

மருமகளிடம் எழுதி வாங்கப் பார்க்கிறீர்களே, அது பொய். வயதில் பெரியவள் என்ற உரிமையில் கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவதே அங்கேதான். நாளைக்கு அவளைக் கூண்டில் ஏற்றி, ‘அவ்வளவு நிதானமாக ஓட்டுகிறவர் என்றால் நீங்கள் ஏன் பஸ்ஸில் போனீர்கள்?’ என்று கேட்டால் என்ன சொல்வாள்? வீட்டின் மூத்தவளுக்குப் பேரக் குழந்தையின் உயிர் முதலில், மகனின் மானம் அதற்குப் பிறகு. நீங்கள் செய்திருக்க வேண்டிய காவலை இரண்டு மாதமாக அவள் ஒருத்தி செய்திருக்கிறாள். அதற்கு நீங்கள் வைத்த பெயர் பிடிவாதம்!

கார் சாவியை அவளிடம் கொடுத்துவிடுங்கள். மகன் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். இன்று மாலை அவள் குழந்தையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எதிரே போய், அந்தப் புத்தகப் பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நடந்து வரும் வழியில் கேளுங்கள்.