காசு கொடுக்காத சர்வரில் வியாபாரம் செய்யலாமா?

கேள்வி: குமுளியில் ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்கிறோம். ஆர்டர் எடுக்க ஒரு தளம் தயார். கடைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம் என்று எக்ஸாம்ப் (XAMPP) என்ற இலவச சர்வர் தொகுப்பைப் போட்டிருக்கிறோம். இலவச சர்வர் வியாபாரத்துக்குச் செல்லாது, பாதுகாப்பான இணைப்பைக் காட்டும் பூட்டுச் சின்னத்துக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும் என்கிறார் கம்ப்யூட்டர் பார்ப்பவர். நிஜமா?

பதில்: இல்லை. அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. பூட்டுக்கு அடித்தளமான ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறை அமெரிக்காவில் காப்புரிமையில் இருந்தது. அங்கே வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். 2000 செப்டம்பரில் அந்தக் காப்புரிமை முடிந்தது. பூட்டுக்கு வேண்டிய சான்றிதழையும் 2015 முதல் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது, கடைகளுக்கும் சேர்த்துத்தான்.

அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், கேடி என்ற மூன்று இலவச சர்வர் மென்பொருள்களின் உரிமங்களிலும் வியாபாரத்துக்குத் தடையில்லை. என்ஜின்எக்ஸுக்குப் 'பிளஸ்' என்று காசு கேட்கும் பதிப்பு உண்டு. உங்களுக்கு அது வேண்டாம். கேடியைப் பற்றிப் பழைய பதிவுகள் பயமுறுத்தலாம். 2017இல் கேடியை உருவாக்கியவர்கள், தாங்களே தயாரித்துத் தந்த நிரல்கோப்பினை நிறுவனங்கள் பயன்படுத்தக் கட்டணம் கேட்டார்கள். 2019இல் அதைக் கைவிட்டார்கள்.

நான் கேடியைத்தான் சொல்வேன். தளத்தின் பெயரை எழுதிக் கொடுத்தால் சான்றிதழை அதுவே வாங்கி, அதுவே புதுப்பித்துக்கொள்ளும். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வழக்கமாக 90 நாள்தான் செல்லும். காலாவதியாகப் போகிறது என்று முன்பு மின்னஞ்சல் அனுப்பினார்கள், 2025இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஏலக்காய் சீசன் மும்முரத்தில் இதை யார் நினைவு வைத்திருப்பது? உங்கள் ஆளுக்கு என்ஜின்எக்ஸ்தான் கைவந்தது என்றால் சரி, கூடவே சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் செர்ட்பாட் நிரலையும் போடட்டும்.

எக்ஸாம்பை மட்டும் எடுத்துவிடுங்கள். நிரல் எழுதிப் பார்ப்பதற்காகச் செய்தது அது; டேட்டாபேஸின் முழு அதிகாரமுள்ள ரூட் கணக்குக்குக் கடவுச்சொல்கூட இல்லாமல்தான் வரும். பூட்டுச் சின்னம் வழியில் போகிற தகவலைத்தான் காக்கும், திறந்து கிடக்கிற டேட்டாபேஸை அல்ல.

கடைக் கம்ப்யூட்டரில் ஓட்டுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனி பொது ஐபி (வெளியிலிருந்து எட்டக்கூடிய இணைய முகவரி) இருக்காது. அப்போது வெளியிலிருந்து யாரும் உங்கள் சர்வரை எட்ட முடியாது, சான்றிதழ் கொடுப்பவரும் 80, 443 போர்ட்களை (தளத்துக்குள் வரும் வழிகளை) தொட முடியாது. போதாததற்குக் கர்க்கடக மழையில் கரண்ட் போனால் கடையோடு தளமும் படுத்துவிடும். மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) எடுத்து, நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு இயங்குதளத்தைப் போடுங்கள். பாதுகாப்பு அப்டேட் தானாக நடக்கும்படி வைத்து, தொலைவிலிருந்து சர்வரை இயக்கும் எஸ்எஸ்எச் நுழைவுக்குக் கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக்கோப்பு வையுங்கள். தினசரி பேக்கப் ஒன்று அந்த சர்வருக்கு வெளியே இருக்கட்டும்.

அப்புறம், கார்டு எண்களை உங்கள் தளத்தில் வாங்கவே வேண்டாம். பணம் வாங்கும் பக்கத்தைப் பேமெண்ட் கேட்வேயிடமே விட்டுவிடுங்கள்.