யூனிட்டுக்கு 46 டாலர்தானே, அதற்கு எதற்கு ஸ்காலர்ஷிப்? – கேள்வி பதில்

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கும் ஒரு கம்யூனிட்டி காலேஜின் (இரண்டு வருஷக் கல்லூரி) நன்கொடை திரட்டும் ஃபவுண்டேஷனில், எட்டு வருஷமாக ஸ்காலர்ஷிப் தேர்வுக் குழுவில் இருக்கிறேன். சம்பளம் கிடையாது. பிப்ரவரி, மார்ச் மாதச் சனிக்கிழமைகளை மொத்தமாக விழுங்கிவிடும் வேலை. பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் படிப்பது ஒரு பக்கம் என்றால், பணம் கொடுக்க வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது இன்னொரு பக்கம். "யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள்" என்று தெரிந்தவர்கள் ஓயாமல் கேட்பதால், கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

சுந்தர், சான் ஹோசே: கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் ஃபீஸ் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர்தான். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அதுவும் தள்ளுபடி. அப்புறம் எதற்கு ஸ்காலர்ஷிப்? பணம் கொடுக்கிறவர்களுக்கு இது தெரியாதா?

நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கொடுக்கிறார்கள். வருஷத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். அந்தத் தொகைக்காகப் படிப்பை விட்டவர்கள் நான் பார்த்த வரையில் ரொம்பக் குறைவு. விட்டவர்களெல்லாம் வேறு எதற்காகவோ விட்டவர்கள்.

ஒரு விண்ணப்பம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரவு கிடங்கில் வேலை, காலை எட்டு மணிக்கு உடற்கூறியல் லேப். நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டம். காரில் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. மெக்கானிக் 412 டாலர் கேட்டிருக்கிறார். கையில் இல்லை. இரண்டு வாரம் வகுப்புக்குப் போக முடியாமல், லேப் பாடத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அந்தப் பாடம் இல்லாமல் நர்சிங்குக்கு மனுப் போட முடியாது. ஆக 412 டாலருக்கு ஒரு வருஷம் போச்சு. அந்தப் பெண் இதைப் புலம்பலாக எழுதவில்லை, கணக்கு மாதிரி எழுதியிருந்தாள்: தேதி, தொகை, எத்தனை வகுப்பு போனது.

வாடகை, பெட்ரோல், லேப்டாப், புத்தகம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள். ஃபீஸ் போக மிச்சம் இருக்கும் செலவு இதுதான். கொடுக்கிறவர்களில் பாதிப் பேர் இதை அனுபவித்தவர்கள். அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதே இல்லை.

ரேவதி, டல்லாஸ்: அரசாங்கமே பெல் கிராண்ட் கொடுக்கிறதே அக்கா, அது போதாதா?

பெல் கிராண்ட் என்பது வருமானம் குறைந்த பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசு தரும் உதவி. 2024-25க்கு அதிகபட்சம் 7,395 டாலர். கம்யூனிட்டி காலேஜில் பெரும்பாலானவர்கள் பகுதி நேரமாகப் படிக்கிறவர்கள். எடுக்கும் பாடம் குறைந்தால் பெல் தொகையும் குறையும். எங்கள் பக்கம் நாலு மாத வாடகைக்குக்கூட அது காணாது. ஆவணங்கள் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கும் எஃப்-1 விசாவில் வந்தவர்களுக்கும் அந்தப் பணம் ஒரு டாலர்கூடக் கிடையாது. தனியார் பணத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சிலர் இந்தக் காரணத்துக்காகவே கொடுக்கிறார்கள்.

ஆனந்த், சிகாகோ: யார் இந்தப் புண்ணியவான்கள்? பெரிய கோடீஸ்வரர்களா?

செய்தியில் வருவது கோடீஸ்வரர்கள். பெர்னார்ட் ஓஷர் ஃபவுண்டேஷன் 2008இல் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்று 7 கோடி டாலர் அறிவித்தது. அதில் ஒரு பகுதி, காலேஜ்கள் தாங்களே திரட்டும் பணத்துக்கு ஈடாகத் தரும் பணம். ஊர் ஊராக ஃபவுண்டேஷன்கள் சுறுசுறுப்பானதற்கு அது ஒரு காரணம். 2020, 2021இல் மெக்கன்சி ஸ்காட் நியூயார்க்கின் பரோ ஆஃப் மன்ஹாட்டன் கம்யூனிட்டி காலேஜுக்கும், இங்கே பாசடீனா, லாங் பீச் சிட்டி காலேஜ்களுக்கும் ஆளுக்கு 3 கோடி டாலர் கொடுத்தார். என்ன செய்ய வேண்டும் என்று நிபந்தனை எதுவும் போடவில்லை.

ஆனால் என் மேஜைக்கு வருகிறவர்கள் வேறு ஆட்கள். அதே காலேஜில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். கணவர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று வரும் அம்மா. ரோட்டரி கிளப். பல் டாக்டர். மாதாமாதம் சம்பளத்தில் இருபது டாலர் பிடித்துக்கொள்ளச் சொல்லும் அலுவலக ஊழியர்கள். கடைசியில் சொன்னவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. தினமும் அந்தப் பிள்ளைகளைக் கவுன்ட்டரில் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

ஒரு தாத்தா உண்டு. ராணுவத்திலிருந்து திரும்பி, படைவீரர்களின் படிப்புக்கு அரசாங்கம் தரும் ஜி.ஐ. பில் பணத்தில் இதே காலேஜில் மெஷினிஸ்ட் படிப்பு படித்தவர். முதல் செமஸ்டரில் அரசாங்கச் செக் வரத் தாமதமாக, ஒரு வாத்தியார் சொந்தக் காசில் கருவிப் பெட்டி வாங்கிக் கொடுத்தாராம். வருஷம் 1,000 டாலர் தருகிறார், அந்த வாத்தியார் பெயரில். மே மாதம் நடக்கும் மதிய விருந்தில், ஸ்காலர்ஷிப் வாங்கிய பையனைப் பக்கத்தில் உட்கார வைத்தோம். பையன் வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துவந்த நன்றியை ஆரம்பித்தான். தாத்தா பாதியில் நிறுத்தி, "அதெல்லாம் இருக்கட்டும், வண்டி ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டார். அப்புறம் இருவரும் ஒரு மணி நேரம் டிரான்ஸ்மிஷன் பற்றித்தான் பேசினார்கள்.

பெயர் வேண்டாம்: எல்லாம் வரிக்காகத்தானே மேடம்? உண்மையைச் சொல்லுங்கள்.

100 டாலர் கொடுத்து 24 டாலர் வரி மிச்சம் பிடித்தால், கையை விட்டுப் போனது 76 டாலர். வரிக்காக மட்டும் கொடுப்பவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அதோடு 2018லிருந்து நிலையான கழிவு (எல்லோருக்கும் பொதுவாக வருமானத்தில் கழித்துக்கொள்ள விடும் தொகை) ஏறக்குறைய இரட்டிப்பானதால், பெரும்பாலான குடும்பங்கள் நன்கொடை போன்ற செலவுகளைப் பட்டியல் போட்டுக் கழிப்பதே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. எழுபதரை வயது தாண்டியவர்கள் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து நேராக ஃபவுண்டேஷனுக்கு அனுப்பினால் அந்தப் பணம் வருமானத்தில் சேராது. டிசம்பரில் எங்களுக்கு வரும் செக்குகளில் கணிசமானவை இந்த வகை. வரி எப்போது கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும். யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது வேறு ஏதோ.

கார்த்திக், ஃப்ரீமாண்ட்: என் அக்கா பையன் அங்கே படிக்கிறான். நான் கொடுக்கிற ஸ்காலர்ஷிப் அவனுக்கே போகிற மாதிரி செய்யலாமா?

கூடாது. அவனுக்கே கொடுக்க வேண்டுமென்றால் நேராக அவன் கையில் கொடுங்கள், அது மாமா சீர். நன்கொடை என்றால் தேர்வு குழுவின் கையில்.

மணிவண்ணன், நியூ ஜெர்சி: ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் சேர்த்தோம். பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தால் பேர் நிற்கும். கம்யூனிட்டி காலேஜுக்குக் கொடுத்தால் என்ன நிற்கும்?

தமிழ் இருக்கைக்கு நானும் கொடுத்தேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். அது மொழிக்கு. பிள்ளைகளின் படிப்புச் செலவு என்று வந்தால் கணக்கு மாறுகிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் 25,000 டாலர் யானைப் பசிக்குச் சோளப்பொரி. பல கம்யூனிட்டி காலேஜ்களில் அந்தத் தொகைக்கு உங்கள் அம்மா பெயரில் நிரந்தர நிதியே தொடங்கலாம். முதலைத் தொடாமல் வருஷம் 4 சதவீதம் எடுத்தால் 1,000 டாலர், வருஷா வருஷம் ஒரு பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை உங்களுக்குக் கடிதம் எழுதும், விருந்தில் எதிரே உட்காரும். கொடுத்தது எங்கே போனது என்று கண்ணால் பார்க்க முடிவது பலருக்குப் பெரிய ஈர்ப்பு.

பேர் நிற்பது பற்றி ஒன்று. மிச்சிகனில் கலமசூ என்ற ஊர். 2005இல் சிலர் சேர்ந்து, அந்த ஊர் அரசுப் பள்ளியில் படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கு மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில், கம்யூனிட்டி காலேஜ் உட்பட, படிப்புக் கட்டணத்தைத் தாங்களே கட்டுவதாக அறிவித்தார்கள். எத்தனை வருஷம் அந்தப் பள்ளிகளில் படித்தார்கள் என்பதைப் பொறுத்து 100 சதவீதம் வரை. கொடுத்தவர்கள் தங்கள் பெயரை வெளியிடவே இல்லை. ஆலைகள் போய்த் தேய்ந்துகொண்டிருந்த ஊருக்குக் குடும்பங்கள் திரும்ப வரட்டும் என்பதும் நோக்கம். பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கையும் ஏறியது.

தீபா, அட்லாண்டா: எங்கள் ஊரில் மருத்துவமனைதான் நர்சிங் ஸ்காலர்ஷிப் தருகிறது. இது தானமா, ஆள் பிடிக்கும் வேலையா?

இரண்டும்தான். நர்ஸ் பற்றாக்குறை அவர்களுடைய பிரச்சினை. யூனிஃபார்ம், ஸ்டெதஸ்கோப், கைரேகைச் சோதனை, உரிமத் தேர்வுக்கு 200 டாலர் என்பது பிள்ளையின் பிரச்சினை. இங்கே படிப்பவர்கள் படித்து முடித்தும் பெரும்பாலும் அதே மாவட்டத்தில்தான் வேலை பார்க்கிறார்கள். வெல்டிங் பட்டறைக்காரர்கள் கொடுப்பதும் இதே காரணத்தால்தான். சுயநலம் கலந்திருப்பதால் பணத்தின் மதிப்பு குறைவதில்லை. "படித்து முடித்ததும் எங்களிடமே இத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டும்" என்ற நிபந்தனை இருந்தால் மட்டும், கையெழுத்துக்கு முன் முழுவதும் படியுங்கள். இடையில் விட்டால் கடனாக மாறும் ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன்.

ராஜேஷ், சியாட்டில்: பணம் கொடுத்தால் உண்மையில் படித்து முடிக்கிறார்களா? ஆதாரம் இருக்கிறதா, இல்லை மனதிருப்திக்கா?

இருக்கிறது. 2004இல் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் இரண்டு கம்யூனிட்டி காலேஜ்களில் ஒரு சோதனை தொடங்கினார்கள். வருமானம் குறைந்த பெற்றோர்கள், பெரும்பாலும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள். பாதி நேரப் படிப்பாவது படித்து, சி கிரேடு சராசரி வைத்திருந்தால் செமஸ்டருக்கு 1,000 டாலர், இரண்டு செமஸ்டருக்கு. குலுக்கல் முறையில் ஒரு பிரிவுக்கு மட்டும் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதிகப் பாடங்கள் முடித்தார்கள், அடுத்த செமஸ்டரும் வந்தார்கள். 2005இல் கத்ரீனா புயல் வந்து அந்தக் காலேஜ்களையே மூடவைத்தது தனிக் கதை.

இன்னொன்று நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் அசாப் திட்டம், 2007இல் தொடங்கியது. முழு நேரம் படிக்க வேண்டும். பதிலுக்கு, மற்ற உதவிகள் போகக் கட்டணத்தில் மிச்சமிருக்கும் தொகை, புத்தகம், பஸ், ரயிலுக்கான மெட்ரோ கார்டு, அடிக்கடி கூப்பிட்டுப் பேசும் ஓர் ஆலோசகர். மூன்று வருஷத்தில் பட்டம் வாங்கியவர்கள் 40 சதவீதம். திட்டத்தில் இல்லாத ஒப்பீட்டுப் பிரிவில் 22. கிட்டத்தட்ட இரட்டிப்பு. மெட்ரோ கார்டைக் கவனியுங்கள். அதை வாங்க ஒவ்வொரு மாதமும் ஆலோசகரைப் பார்த்தாக வேண்டியிருந்தது. பணத்தை மட்டும் கையில் கொடுத்திருந்தால் இந்த அளவு பலன் வந்திருக்காது என்பது என் கருத்து. எங்கள் ஃபவுண்டேஷன் கூட்டத்தில் ஆலோசகர் சம்பளத்துக்குப் பணம் கேட்டால் முகங்கள் வாடும். ஸ்காலர்ஷிப் என்றால் கைதட்டுவார்கள். சம்பளத்துக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாதே!

செந்தில், கோயம்புத்தூர்: நம் ஊர் சமுதாயக் கல்லூரியும் இதுவும் ஒன்றா?

இல்லை. நம் ஊரில் 1990களில் வந்த சமுதாயக் கல்லூரிகள் தொழில் கற்றுத்தரும் குறுகிய காலப் படிப்புக்கானவை. அமெரிக்காவில் 1901இல் இல்லினாயின் ஜோலியட்டில் தொடங்கிய வழி இது. தொழில் படிப்பும் உண்டு. முதல் இரண்டு வருஷப் பட்டப்படிப்பை இங்கே முடித்துவிட்டு நேராக மூன்றாம் வருஷம் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியும் உண்டு.

கவிதா, கூப்பர்டினோ: என் மகள் டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி பேசுகிறார்கள். அவள் ஸ்காலர்ஷிப்புக்கு மனுப் போடலாமா? நாங்கள் ஏழைகள் இல்லை.

துக்கம் விசாரிப்பவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்புங்கள். ஹாலிவுட் நடிகர் டாம் ஹேங்ஸ் ஹேவர்டில் உள்ள சபோ காலேஜில் படித்தவர்; என் வாழ்க்கைக்குக் காரணமே அதுதான் என்று 2015இல் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார்.

மனுப் போடலாம். எல்லா ஸ்காலர்ஷிப்பும் வறுமையைப் பார்த்துக் கொடுப்பவை அல்ல. பாடம், திறமை, பொதுச் சேவை என்று பல வகை. சிலவற்றுக்கு நாலு பேர்கூட மனுப் போடுவதில்லை. கட்டுரையில் "சிறு வயது முதலே எனக்குக் கனவு" என்று ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமையில் அதை முப்பது தடவை படிக்கிறோம். என்ன பாடம், அதில் எங்கே தடுமாறினாள், இந்தப் பணம் வந்தால் எந்த வேலை நேரத்தைக் குறைப்பாள் என்று எழுதட்டும். பிற்பாடு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கு ஜாக் கென்ட் குக் ஃபவுண்டேஷனின் உதவி இருக்கிறது, வருஷத்துக்கு 55,000 டாலர் வரை. போட்டி கடுமை, அதற்குப் பணத்தேவையும் பார்ப்பார்கள்.

அதே கவிதா: பல்கலைக்கழகம் போனதும், வெளியே வாங்கிய ஸ்காலர்ஷிப்பைக் காட்டி அவர்கள் தரும் உதவியைக் குறைப்பார்களாமே?

குறைப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு நாங்கள் கொடுத்த 2,000 டாலரும் அப்படியே பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! மேரிலாந்து 2017இல் இதற்கு முதலில் சட்டம் போட்டது. கலிஃபோர்னியாவில் 2023-24லிருந்து, பெல் தகுதி உள்ளவர்களுக்கும் ட்ரீம் சட்டத்தில் (ஆவணங்கள் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கானது) உதவி பெறுபவர்களுக்கும் அப்படிக் குறைக்கக் கூடாது. மற்றவர்கள் சேரும் முன்பே நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

முருகேசன், ஹூஸ்டன்: என்னிடம் 500 டாலர்தான் இருக்கிறது அக்கா. நிபந்தனை போட்டுக் கொடுக்கலாமா, சும்மா கொடுக்கலாமா?

சும்மா கொடுங்கள். எங்களிடம் ஒரு பழைய நிதி இருக்கிறது. இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், ஜெர்மன் எடுக்க வேண்டும், பேஸ்பால் ஆட வேண்டும். கொடுத்தவர் தன்னையே நினைத்து எழுதியிருக்கிறார், பாவம். காலேஜில் ஜெர்மன் வகுப்பை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. கொடுத்தவர் இறந்துவிட்டார், நிபந்தனையை மாற்ற வக்கீலிடம் போக வேண்டும். பணம் வங்கியில் வட்டி சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நன்கொடைப் படிவத்தில் "எந்த நிதிக்கு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "மாணவர் அவசர நிதி" என்று எழுதுங்கள். எங்கள் காலேஜில் அதற்கு ஒரு பக்க மனு, இரண்டு வேலை நாளில் செக். ஆல்டர்னேட்டர் மாற்றிப் போட்டாலும் உங்கள் 500இல் 88 டாலர் மிச்சம் இருக்கும்.