செவ்வாயில் காற்றின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

பெங்களூரு நேரு கோளரங்கம் போய்வந்ததிலிருந்து மகள் இதையே கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

வானிலை நிலையத்தில் சுழலும் கிண்ணங்கள் அங்கே பெரிதாக உதவாது. செவ்வாய்க் காற்றின் அடர்த்தி நம்முடையதில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்குதான். மணிக்கு 100 கி.மீ. வேகப் புயலும் இங்குள்ள 13 கி.மீ. காற்றளவுக்குத்தான் தள்ளும். சினிமாவில் ராக்கெட்டையே சாய்ப்பதெல்லாம் சும்மா!

அதனால் 1976-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் வைக்கிங் கலங்கள் சூடாக்கிய மென்படலத்தை நம்பின. காற்று பட்டால் சூடு குறையும். அதை ஈடுகட்ட எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதிலிருந்து வேகம் தெரியும். எனக்குப் பிடித்தது 2008-இல் நாசாவின் இன்னொரு கலமான ஃபீனிக்ஸ் செய்ததுதான். கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழையில் ஒரு சின்னக் குழாயைத் தொங்கவிட்டு, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒன்றை வைத்து, அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று படமெடுத்தார்கள். அவ்வளவுதான் கருவி.

அப்புறம் நாசாவின் ஊர்தி கியூரியாசிட்டி: 2012-இல் தரையிறங்கும்போதே இரண்டு காற்று உணரிகளில் ஒன்று பழுது. கற்கள் தெறித்திருக்கலாம். மிச்சமிருந்த ஒன்றை வைத்துச் சில வருடம் ஒப்பேற்றினார்கள்.